நாலு மணிக்குப் புறப்படும் ரத்தம்

நாலு மணிக்கு எங்கள் தெருவில் ரத்தம் எழுந்து நடக்கும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். முத்தாண்டிபுரத்துக்காரர்கள் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் வழியில் சைக்கிளோ ஸ்கூட்டரோ காயப்போட்ட வற்றலோ கிடக்கக் கூடாது என்பது குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைப் போல இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். நாங்கள் எதையும் பழகிக்கொள்கிற ஜனங்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ரத்தத்தைப் பழகுவதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே நாங்கள் அதைவிட மோசமான ஒன்றைப் பழகி, செரித்து, ஏப்பமும் விட்டிருந்தோம்.

அது ஒரு சித்திரை மாதம். ஒன்பது நாளாக ஊரில் தண்ணீர் வரவில்லை. காலை ஒன்பதரை மணிக்கு மூன்றாம் தெருவில் நாங்கள் பதினொரு பேர் காலிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்து நின்றபோது, எதிரே குத்தாலிங்கத்தின் வீட்டு வெளிமாடிப்படியின் உச்சியில் அவன் தங்கை ஆவுடைத்தங்கம் ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பத்தரை மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் ஏசுவடியான் என்கிற பஸ் டிரைவர் இரண்டு மாலைகளோடு நிற்பார் என்பது அவளுக்கும் தெரியும், அவள் அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. ஏசுவடியான் எங்கள் சாதி இல்லை. எங்கள் சாதிக்கு மேலே உள்ள சாதியும் இல்லை. குத்தாலிங்கம் பின்னாலேயே வந்தான், இரண்டு கையையும் நீட்டி அவள் முதுகில் வைத்துத் தள்ளினான். பதினேழு படி. பதினொரு பேரும் பார்த்தோம்.

மறுநாள் பதினொரு பேரும் போலீஸில் வாக்குமூலம் கொடுத்தோம், மாடிப்படி ஈரமாக இருந்ததால் அவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று. அந்தப் பதினொரு தாள்களையும் டைப் அடித்தவன் நான்தான். என் பெயர் கனகசபாபதி, தெரு முனையில் டைப் கடை, இப்போது கம்ப்யூட்டரும் ஜெராக்ஸும். பெயரை மட்டும் மாற்றி மாற்றி அதே வாக்கியத்தைப் பதினொரு முறை அடித்தேன், அதில் ஒன்று என் பெயரில். ஒன்பது நாள் குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் மாடிப்படி எப்படி ஈரமாயிற்று என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, இன்ஸ்பெக்டருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் அவர் பேனாவை மூடிவிட்டார். எங்களை யாரும் மிரட்டவில்லை. அண்ணன் செய்தது சரிதான் என்று நாங்களே மனசுக்குள் நினைத்தோம், இதுதான் உண்மை, இதை எழுதும்போது என் விரல் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஏசுவடியான் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று நாள் நின்றார். அவரை உள்ளே விடவில்லை. தனக்கு மனசு மாறிவிட்டதாக ஆவுடைத்தங்கம் அவருக்கு எழுதிய கடிதம் ஒன்று நான்காம் நாள் அவர் கைக்குப் போயிற்று. அவள் அப்போது நினைவில்லாமல் கிடந்தாள். அதையும் நான்தான் அடித்தேன். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார்.

ஆவுடைத்தங்கம் பிழைத்தாள், ஆனால் முதுகெலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்துகொண்டது. இடுப்புக்கு மேலே தரையைப் பார்த்துக் குனிந்தபடிதான் ஆறு வருஷம் நடந்தாள். அதே தெருவில் அவள் அம்மா விட்டுப்போன ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். குத்தாலிங்கம் தினமும் தூக்குச்சட்டியில் சோறு கொடுத்துவிடுவான், அந்தத் தூக்குச்சட்டி போகும்போதெல்லாம் தெரு அவனைப் புகழும். கூடப்பிறந்தவளை யார் இப்படிப் பார்க்கிறார்கள் என்று என் வாயாலேயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவள் அந்தச் சோற்றைத் தின்றாள். தின்று உயிரோடு இருக்கவேண்டும் என்று முடிவு செய்திருந்தாள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அவளை நிமிர்த்த வந்தவள் ரெஜினா, ஏசுவடியானின் தங்கை. எங்கள் சுகாதார நிலையத்துக்கு நர்ஸாக மாற்றலாகி வந்தவள், முதல் வாரமே ஆவுடைத்தங்கத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு வந்த தூக்குச்சட்டி மூடி திறக்காமல் திரும்பிப் போயிற்று. அரசுக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு இருவரும் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முதுகைத் திறந்து, கோணலை வெட்டி நிமிர்த்தி, இரண்டு கம்பி வைக்கவேண்டும் என்று அங்கே டாக்டர் ஷாகிதா சொன்னார். நிறைய ரத்தம் போகும், பதிலுக்கு ஏற்றவும் வேண்டும். அங்கேதான் சிக்கல். ஆவுடைத்தங்கத்தின் ரத்தம் பம்பாய் வகை, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருப்பது, வேறு எந்த வகையும் அவளுக்குச் சேராது. இப்படிப்பட்டவர்களுக்குக் கூடப்பிறந்தவர்களிடம்தான் முதலில் தேடுவார்கள். தேடினார்கள். குத்தாலிங்கத்துக்கும் அதே ரத்தம்.

குத்தாலிங்கம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வேன் வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனான். நாங்களும் பத்துப் பேர் கூடப் போனோம். வார்டில் கட்டில் அருகே நின்று, எல்லாரும் கேட்கும்படி, "என் தங்கச்சிக்கு என் ரத்தத்தையே குடுக்கேன். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க டாக்டர்" என்றான். தேங்காய்க்கடை சண்முகக்கனி அதைப் போனில் படம் பிடித்தான்.

ஆவுடைத்தங்கம் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "டாக்டர், இவன் ரத்தத்துல ஒரு சொட்டு எனக்குள்ள ஏறுனாலும் நான் இந்தக் கட்டில விட்டு எந்திரிக்க மாட்டேன். செத்துருவேன். எழுதி வாங்கிக்கிடுங்க."

டாக்டர் ஷாகிதா எங்களையெல்லாம் வெளியே போகச் சொன்னார். ரெஜினா மட்டும் உள்ளே இருந்தாள், பிற்பாடு அவள் சொல்லித்தான் மீதி எனக்குத் தெரியும்.

"உங்க ரத்தத்தையே உங்களுக்குத் திருப்பிக் குடுக்க ஒரு மிஷின் இருக்கும்மா" என்றாராம் டாக்டர். "ஆபரேஷன்ல வெளிய வர்ற ரத்தத்த உறிஞ்சி எடுத்து, ஒரு கிண்ணத்துல சுத்தவிட்டு, உப்புத்தண்ணியில கழுவி, நல்ல அணுக்கள மட்டும் உங்களுக்கே ஏத்திருவோம். அடுத்தவங்க ரத்தம் வேணாம்."

"கழுவுனா எல்லாம் போயிருமா டாக்டர்?"

"கட்டி, கொழுப்பு, எலும்புத்தூள் எல்லாம் போயிரும்."

"கோவம்?"

டாக்டர் சிரித்துவிட்டாராம். "அதுக்கு இன்னும் மிஷின் வரலம்மா."

"அப்ப சரி" என்று ஆவுடைத்தங்கம் கைநாட்டு வைக்காமல் முழுக் கையெழுத்தே போட்டாள்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. அவள் முதுகிலிருந்து வந்த ரத்தம் குழாய் வழியாகப் போய்க் கிண்ணத்தில் சுற்றிக் கழுவப்பட்டுப் பையில் சேர்ந்து காத்திருந்தபோது, இந்தப் பக்கம் அவள் எலும்பை வெட்டி நிமிர்த்திக் கம்பியைப் பொருத்தித் திருகினார்கள். சரியாக நாலு மணிக்குப் பையைத் தொங்கவிட்டு ரத்தத்தைத் திருப்பி ஏற்றினார்கள். மிஷினைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியன் ஒன்றை மட்டும் ரெஜினாவிடம் சொன்னார், குழாயின் கவ்வியைத் திறப்பதற்கு முன்னாலேயே ரத்தம் தானாக இறங்கி உள்ளே போய்விட்டது என்று. பத்து நாளில் ஆவுடைத்தங்கம் எழுந்து நின்றாள். நிமிர்ந்து நின்றாள். கார்த்திகை மாதம் வீட்டுக்கு வந்து ஆட்டோவிலிருந்து இறங்கியபோதுதான் அவள் எங்களைவிட உயரம் என்பதே எங்கள் நினைவுக்கு வந்தது.

வந்த மூன்றாம் நாள், நாலு மணிக்கு, அவள் கட்டிலில் படுத்திருக்கையில் அவளுடைய ரத்தம் எழுந்து உட்கார்ந்தது, காலைத் தொங்கப்போட்டது, இறங்கிக் கதவைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. ஆவுடைத்தங்கத்தின் உருவம்தான், உச்சி முதல் உள்ளங்கால் வரை சிவப்பு, வெயில் ஊடுருவித் தரையில் சிவப்பு நிழல் விழுந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனால் நிமிர்ந்த ஆவுடைத்தங்கம் இல்லை, பழைய கூனல் ஆவுடைத்தங்கம். உடம்பை நிமிர்த்திய நேரத்தில் ரத்தம் வெளியே பையில் இருந்ததால் நிமிர்ந்த சேதி அதற்குத் தெரியவில்லை. உள்ளே கட்டிலில் உடம்பு காகிதம்போல் வெளுத்துக் கிடந்தது, ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் தரையைப் பார்த்துக் குனிந்தபடி ஒன்பது வீடு தாண்டி நடந்து குத்தாலிங்கத்தின் வாசலில் போய் நின்றது. ஒரு மணி நேரம் நின்றது. ஐந்து மணிக்குத் திரும்பி நடந்து வந்து உடம்பில் படுத்துக்கொண்டது.

"ஒருதடவ வெளிய போயி வழி தெரிஞ்சு திரும்பி வந்துட்டுல்லா, இனி அதுக்கு என்ன பயம்" என்றாள் ரெஜினா, கேட்டவர்களிடமெல்லாம்.

முதல் நாள் தெரு கதவடைத்துக்கொண்டது. இரண்டாம் நாள் ஜன்னல்கள் திறந்தன. மூன்றாம் நாள், இது தீட்டா இல்லையா என்று கோயில் வாசலில் பேச்சு நடந்தது; சிந்தாத ரத்தத்துக்குத் தீட்டு இல்லை என்று பூசாரி தீர்த்துச் சொன்னார். ஒரு வாரத்தில் வாசல் தெளிக்கிறவர்கள் அதன் பாதையை விட்டுத் தெளித்தார்கள், பள்ளிக்கூட வேன்காரர் ஐந்து நிமிஷம் பிந்தி வந்தார், கவுன்சிலர் அது தடுக்கிவிடக் கூடாது என்று ஏழாவது வீட்டு முன்னாலிருந்த பள்ளத்தை மூடினார். அந்தப் பள்ளத்துக்காக நாங்கள் நாலு வருஷமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தோம், அத்தனை மனுவும் என் கடையில் அடித்தவை. டாக்டர் ஷாகிதா ஒரு நாள் நேரில் வந்து, மூன்றே முக்காலுக்கும் ஐந்தே காலுக்கும் ஆவுடைத்தங்கத்தின் விரலில் குத்திப் பார்த்தார். இரண்டு தடவையும் ஒரே அளவு. குறைவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். மாசம் திரும்புவதற்குள் பஜ்ஜி வண்டி ஒன்று மூன்றே முக்காலுக்கு வந்து நிற்க ஆரம்பித்தது. ரத்தத்துக்குச் செவப்பி என்று பெயரும் வைத்தாயிற்று.

குத்தாலிங்கம் முதலில் நடுங்கினான். வாசலில் பினாயில் ஊற்றினான், மஞ்சள் தண்ணீர் தெளித்தான், எலுமிச்சம்பழம் கட்டினான், பின்வாசலைப் பயன்படுத்தினான்; செவப்பி பின்வாசலுக்குப் போய் நின்றாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்று அவன் மனைவி பிரமு சொன்னபோது எனக்கே உள்ளுக்குள் இனித்தது. ஆனால் அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே. இரண்டாம் மாசம் அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்வரப் பழகினான். மார்கழி முடிவதற்குள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செவப்பி முன்னால் நிற்க, பேப்பர் படித்தான். போகிறவர்கள் நின்று பார்த்தால், "தங்கச்சி தெனமும் என்னப் பாக்காம இருக்க மாட்டா. பாசம்" என்றான்.

தெரு அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டது. பாசம்! எவ்வளவு சௌகரியமான சொல். பெண்கள் செவப்பியின் காலடியில் பூ வைத்தார்கள், அண்ணன் தம்பி சண்டை தீரவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். தைப்பொங்கல் அன்று குத்தாலிங்கம், கூடப்பிறந்தவளுக்குச் செய்யும் பொங்கல்படியை, சேலை, கரும்பு, மஞ்சள் குலை, பச்சரிசி எல்லாம் தாம்பாளத்தில் வைத்துச் செவப்பியின் முன்னால் நீட்டினான். நாங்கள் கை தட்டினோம். நானும்தான்.

அன்றைக்கு மாலை ரெஜினா கொதித்துப்போய் அதை ஆவுடைத்தங்கத்திடம் சொன்னாள். ஆஸ்பத்திரிக் காகிதங்களின் ஜெராக்ஸ் கொடுக்கப் போன நான் வாசலில் நின்று கேட்டேன்.

"பாசமாம் அக்கா. ஊரே சொல்லுது."

ஆவுடைத்தங்கம் சுவரில் சாயாமல் நேராக உட்கார்ந்திருந்தாள், கம்பி வைத்த முதுகு எதிலும் சாயவில்லை. "அவன் வாசல்ல போயி நின்னா அவனுக்குச் சொரணை வரும்னு நெனச்சேன் ரெஜினா. சொரணை இருக்கவன்னா என்னத் தள்ளியே இருக்க மாட்டானே. எனக்கு அவன் சாவ வேண்டாம், அழவும் வேண்டாம். 'நான்தான் தள்ளுனேன்'னு இந்தத் தெரு கேக்க அவன் வாயால சொல்லணும். அது போதும். அதுவரைக்கும் நான் விடமாட்டேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, தண்ணியே இல்லாத ஊருல படி எப்பிடி ஈரமாச்சு?"

ஆறு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்ட கேள்வி. நான் ஜெராக்ஸை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் நாலு மணிக்குச் செவப்பி குத்தாலிங்கத்தின் வீட்டைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டி, தெரு முனைக்கு வந்து, என் கடை வாசலில் நின்றாள். நாற்காலியும் பேப்பருமாக அவன் அங்கே காத்திருந்தான். இங்கே நான் கீபோர்டில் கை வைத்தபடி உறைந்துபோனேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் மேஜை மட்டும்தான். வந்த வாடிக்கையாளர்கள் வாசலோடு திரும்பினார்கள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் என் மனைவி, "ஏன் உங்க கடைக்கு வருது? நீங்க என்ன செஞ்சீக?" என்று கேட்டாள். நல்ல மனசு வந்து செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், கேள்வி கேட்கும் கண்கள் தாங்க முடியாமல்தான் செய்தேன்: என் பெயரில் ஒரு புது வாக்குமூலம் அடித்தேன். குத்தாலிங்கம் இரண்டு கையாலும் தள்ளினான், நான் பார்த்தேன், அன்றைக்கு அந்தப் படியில் ஈரம் இல்லை. அதைச் செவப்பியின் முன்னால் உரக்கப் படித்தேன். அவள் குனிந்த தலையோடு கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்த நாள் சண்முகக்கனியின் தேங்காய்க்கடை. அவன் ஒரே நாளில் என்னிடம் ஓடி வந்தான். "அண்ணாச்சி, உங்களுக்கு அடிச்ச மாதிரியே எனக்கும் ஒண்ணு அடிச்சுத் தாங்க." பிறகு ஒவ்வொரு வீடாக. செவப்பி வந்து நிற்பதற்கு முன்னாலேயே சிலர் வந்துவிட்டார்கள், கடைசி ஆளாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அவரவருக்கு அவசரம். பெயரை மாற்றி மாற்றி அதே வாக்கியத்தைப் பதினொரு முறை அடித்தேன். எல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயின. புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் வாங்கி வைத்துக்கொண்டு, கேஸை மறுபடி திறக்கிறோம், ஆனால் கோர்ட்டு காரியம், நாளாகும் என்றார்.

குத்தாலிங்கத்தின் வாசலில் பூ வைப்பார் இல்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு நாலு மணிக்குத் தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வந்து நின்றபோது விட்டுப்போன பயம், வராதபோது மறுபடி அவனைப் பிடித்தது. மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை ரெஜினா தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தாள். தினமும் ஒரு வாசலாக நின்றுவந்த செவப்பி அன்று தெருவின் கடைசி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த நேரம், குத்தாலிங்கம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக ஆவுடைத்தங்கத்தின் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டி போட்டான்.

செவப்பி வெளியே வந்த வாசல் வழியாகத்தான் உடம்புக்குத் திரும்பிப் போவாள் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஐந்து மணிக்குச் செவப்பி திரும்பி வந்து மூடிய கதவின் முன்னால் நின்றாள். அவளுக்குத் தட்டத் தெரியாது. தெரு முழுக்கக் கூடிவிட்டது. "எண்ணே, கதவத் தெறங்க" என்று சண்முகக்கனி கத்தினான். "எல்லாரும் வீட்டுக்குப் போங்கலே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னும் கொஞ்ச நேரந்தான். தன்னால அடங்கிரும்." ஐந்து ஐந்து. ஐந்து பத்து. செவப்பியின் ஓரங்கள் கறுக்க ஆரம்பித்தன. இத்தனை பேர் நின்றோம், ஒருவரும் கதவை உடைக்கவில்லை. பார்த்துக்கொண்டு நிற்பதில் எங்களுக்கு இருக்கிற பழக்கம் அப்படி.

கதவை உடைத்தது அவனுடைய ரத்தம்தான். அதுவும் அதே வகை, கதவுக்கு அந்தப் பக்கம் அதே ரத்தம் நிற்பது அதற்குத் தெரிந்துவிட்டது. அவனை விட்டு எழுந்து வெளியே வந்தது. அந்த வீட்டுக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. உள்ளேயிருந்து ஒரு தள்ளு, கொண்டி தெறித்து விழுந்து கதவு சுவரில் போய் மோதியது. வாசலில் குத்தாலிங்கத்தின் ரத்தம் நின்றது, மீசை, தொந்தி, எல்லாம் சிவப்பாக. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை இரண்டையும் விரித்து, தள்ளுகிற கோலத்தில் நின்றது. அந்தக் கைகளை அதற்கு இறக்கத் தெரியவில்லை. எங்கள் பதினொரு வாக்குமூலத்தையும் கிழித்துப் போட்டுவிடலாம், அவ்வளவு தெளிவாக நின்றது.

செவப்பி அதைத் தொடாமல் ஒதுங்கி உள்ளே போனாள். கட்டிலில் உடம்புக்கு நிறம் வந்தது. ஆவுடைத்தங்கம் எழுந்து, தரையில் வெளுத்துக் கிடந்த அண்ணனைப் பார்த்தாள், பிறகு வாசலுக்கு வந்து அவன் ரத்தத்தைப் பார்த்தாள். அது நீட்டிய கையோடு தெருவில் இறங்கி, விளக்குக் கம்பத்தில் முட்டி, சாக்கடை ஓரம் போய், எங்கே போவதென்று தெரியாமல் சுற்றியது. வெளியே போகத்தான் அதற்குத் தெரிந்தது. திரும்பி வர அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

பிரமு தலைவிரி கோலமாக ஓடிவந்து அவள் காலில் விழுந்தாள். "ஏளா ஆவுடை, உன் ரத்தத்துக்கு வழி தெரியும்லா, கூட்டிட்டு வந்து விட்டுரு. ஒனக்கு அண்ணன்லா."

"விட்டுரும்மா" என்று எங்கள் கூட்டத்திலிருந்தும் குரல்கள் வந்தன. ஆவுடைத்தங்கம் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டன.

"செத்தவன் பேச மாட்டான் மைனி" என்றாள். "எனக்கு இவன் பேசணும்." கட்டிலில் போய்ப் படுத்தாள். செவப்பி மறுபடி எழுந்து தெருவுக்கு வந்து, அவன் ரத்தத்துக்கு முன்னால் நடந்தாள். அது பின்னாலேயே, கண் தெரியாதவன் மாதிரி, நீட்டிய கையோடு போயிற்று. குத்தாலிங்கம் கண் விழித்தான். ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

முடிந்தது என்றுதான் அவன் நினைத்தான். மறுநாள் நாலு மணிக்குச் செவப்பி எழவில்லை, அவன் ரத்தம்தான் எழுந்து வெளியே போயிற்று. ஐந்து மணிக்கு ஆவுடைத்தங்கம் தன் வாசலில் நின்று, "சொன்னானா?" என்று கேட்டாள். இல்லை என்றோம். உள்ளே போய்விட்டாள். ஐந்து இருபதுக்கு அவன் உதடு நீலமாயிற்று, ரெஜினா நாடியைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள், "நாளைக்குச் சொல்லுவாக, சத்தியமா சொல்லுவாக" என்று பிரமு தெருவில் உருண்டு அழுதாள். அதற்குப் பிறகுதான் செவப்பி கிளம்பினாள். அடுத்த நாள் அவன் ஊரை விட்டே ஓடப் பார்த்தான், சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறினான். நாலு மணிக்கு வழியில் ரத்தம் எழுந்து கண்டக்டரைத் தாண்டி இறங்கி நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது. அவனை வேனில் போட்டும், அதைச் சண்முகக்கனியின் தேங்காய் லாரியில் நிறுத்தியும் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தோம், அன்றைக்கும் செவப்பிதான் அதை உள்ளே விட்டாள்.

அதற்கடுத்த நாள் மூன்றே முக்காலுக்குத் தன் வீட்டு மாடிப்படியின் கீழே வந்து நின்று, தொண்டையைச் செருமி, "என் தங்கச்சிய நான்தான் தள்ளுனேன்" என்றான். தெரு முழுக்கக் கேட்டது. ஆவுடைத்தங்கம் வாசலில் நின்று கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டாள், அவள் முகத்தில் தெரிந்ததைச் சந்தோஷம் என்றுதான் சொல்லவேண்டும். ஐந்து மணிக்குச் செவப்பி நேரத்துக்குக் கிளம்பி அவன் ரத்தத்தைக் கூட்டிக்கொண்டு போய் விட்டாள்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். மூன்றே முக்காலுக்கு அவன் சொல்வான், நாலுக்கு அவன் ரத்தம் போகும், ஐந்துக்கு அவள் மனசு வைத்தால் திரும்பும். முனகினால் பத்து நிமிஷம் பிந்தும். இதையும் நாங்கள் பழகிக்கொண்டோம். பஜ்ஜி வண்டி இப்போது இரண்டு வருகிறது.

இன்றைக்கு அவன் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டான். "என் தங்கச்சிய நான்தான் தெரியாம தள்ளிட்டேன்" என்றான். தெரியாம. சொல்லிவிட்டு யாருக்கும் கேட்டிருக்காது என்பதுபோல் உள்ளே போனான். தெரு முழுக்கத் தலையைத் திருப்பி அவள் வீட்டைப் பார்த்தோம்.

இப்போது மணி ஐந்து பதினைந்து. அவன் ரத்தம் என் கடைக்கு எதிரே விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, விரல் நுனிகள் கறுத்துவிட்டன. பிரமு ஆவுடைத்தங்கத்தின் வாசலில் வாய் திறக்காமல் கைகூப்பி நிற்கிறாள். ஆவுடைத்தங்கம் வெளியே நாற்காலி போட்டு, முதுகை எதிலும் சாய்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ரெஜினா டீ கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

"ஆறிரும் அக்கா, குடிங்க" என்கிறாள் ரெஜினா.

"சூடா இருக்குளா" என்கிறாள் ஆவுடைத்தங்கம். டம்ளரை வாயருகே கொண்டுபோய் ஊதுகிறாள், ஒரு மடக்குக் குடிக்கிறாள், மறுபடி ஊதுகிறாள். டம்ளரில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.